கரிசல் காட்டில் ஒரு கையகல ஸ்டேஷன்

மாதிரி ரயில் அமைப்பில் இன்ஜினும் பெட்டிகளும் பெரும்பாலும் கடைச் சரக்கு. தண்டவாளமும் அப்படியே. அவற்றைச் சுற்றி நிற்கும் ஸ்டேஷன் கட்டிடம், கைகாட்டி, தண்ணீர்த் தொட்டி, பெயர்ப்பலகை, மரம், மாட்டு வண்டி, மூட்டை, மனிதர் ஆகியவை துணைப்பொருள்கள். ஓடுகிற ரயில் எந்த நாட்டில், எந்த ஊரில், எந்தக் காலத்தில் ஓடுகிறது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்வது இவைதான். ஜெர்மனியின் மார்க்லின், ஃபாலர், இங்கிலாந்தின் ஹார்ன்பி, பீக்கோ போன்ற நிறுவனங்கள் மாதிரி ரயிலுக்கான பொருள்களை உலகெங்கும் விற்கின்றன. ஆனால் அந்தக் கடை அலமாரிகளில் இருப்பவை ஆல்ப்ஸ் மலை வீடும் ஊசியிலை மரமும் ஆங்கிலக் கிராமத்துத் தேவாலயமும்தான். பனங்காடும் வெடித்த கரிசல் நிலமும் சோளத்தட்டைப் படப்பும் வேண்டுமென்றால் கையால் செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆயத்தப் பெட்டி எதையும் வாங்காமல், அட்டை, குச்சி, கம்பி, தகடு, மண் என்று மூலப்பொருளிலிருந்தே அளவெடுத்துச் செய்யும் இந்த முறையை ஆர்வலர்கள் ‘ஸ்க்ராட்ச் பில்டிங்’ என்கிறார்கள். கோவில்பட்டி வட்டாரம் இதற்குத் தோதான இடம். தீப்பெட்டி ஆபீஸ்களின் குச்சி, சிவகாசி அச்சகங்களின் அட்டை, மோட்டார் காயில் கட்டும் கடைகளின் செம்புக் கம்பி, காட்டில் கிடக்கும் கரிசல் மண் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கின்றன. இவற்றில் பல, மாதிரிக்குத் தேவையான பருமனிலேயே அமைந்திருப்பது இன்னொரு வசதி.

அளவு முதலில்

எந்த வேலைக்கும் முன்னால் விகிதத்தை முடிவு செய்ய வேண்டும். உலகில் பெருவழக்காக இருப்பது ஹெச்.ஓ. என்னும் 1:87 விகிதம். அசலில் 87 மில்லிமீட்டர் இருப்பது மாதிரியில் 1 மில்லிமீட்டர். ஐந்தரை அடி ஆள் 19 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பார். ஏழடிக் கதவு இருபத்தைந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறையும். இதைவிடச் சிறியது என் விகிதம், 1:160. இடம் மிச்சமாகும், ஆனால் கையால் செய்யும் நுணுக்கத்துக்கு அது கண்ணைப் பிழியும். தொடங்குபவருக்கு ஹெச்.ஓ. தான் சரி.

இந்திய ரயிலுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்குப் பொருந்தும். இந்திய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். 1:87இல் அது 19.3 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். கடைத் தண்டவாளத்தில் இந்திய அகலப் பாதை ரயிலை ஓட்டினால், பெட்டிக்குக் கீழே தடம் ஒடுங்கித் தெரியும். மீட்டர் கேஜுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆயிரம் மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தடம் ஆயத்தமாகவே விற்பனைக்கு வருகிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கரிசல் காட்டின் பழைய ரயிலும் மீட்டர் கேஜ் என்பதால் இரண்டும் பொருந்திவிடுகின்றன.

ஊரும் காலமும்

மதுரையிலிருந்து கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி வரை தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர் கேஜ் பாதை 1876 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது இந்தப் பாதை. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்படும் வரை, கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்துதான் கப்பல் ஏறினார்கள். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது மணியாச்சியில். சுட்டவரின் நினைவாக இன்று அந்த நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே உள்ள சின்ன நிலையத்தை, கு. அழகிரிசாமியின் ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ சிறுகதை வாசகர்களுக்குப் பழக்கப்படுத்தியது. 1990களில் இந்தப் பாதை அகலப் பாதையாக மாறியது. நீராவி இன்ஜின், கைகாட்டி, தாழ்ந்த பிளாட்பாரம், தண்டவாளத்து மரக் கட்டைகள் எல்லாம் அதற்கு முன்னும் பின்னுமாக மறைந்தன. ஆக, இன்று அந்தக் காலத்து ஸ்டேஷனை மாதிரியாகச் செய்பவர் ஓர் ஆவணத்தையும் சேர்த்தே செய்கிறார்.

இங்கே மாதிரிக்கு எடுத்துக்கொள்ளும் ஊர், தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள குளத்தூர். அங்கே ரயில் வந்ததில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில், கரிசலும் பனையும் கலந்து கிடக்கும் ஊர் அது. தூத்துக்குடி, ராமநாதபுரம் ஊர்களைக் கடற்கரையோரமாக இணைக்கும் ரயில் பாதை வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. மாதிரி ரயில் உலகில், போடப்படாத பாதையைப் போட்டதாக வைத்துக்கொண்டு ஊரை அமைப்பது அங்கீகரிக்கப்பட்ட வழக்கம். ‘குளத்தூர், மீட்டர் கேஜ், 1960கள்’ என்று வைத்துக்கொண்டால், கட்டிடத்துக்குக் கோவில்பட்டிப் பாதையின் சிறு நிலையங்கள் முன்மாதிரி. நிலத்துக்கும் மரத்துக்கும் குளத்தூரே முன்மாதிரி.

காலத்தை முடிவு செய்வது சில்லறை விவரம் அல்ல. 1960கள் என்றால் டெல்கோ நிறுவனம் கட்டிய ஒய்.பி., ஒய்.ஜி. வகை நீராவி இன்ஜின்கள் ஓடும். மண்ணெண்ணெய் விளக்கு எரியும். 1965 மொழிப்போருக்குப் பிந்திய ஸ்டேஷன் என்றால், பெயர்ப்பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசிய தடம் இருக்கலாம். எதிர்க் கடையின் பலகையில் ‘கடலை மிட்டாய்’ என்று எழுதினால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய, தும்பிக்கை வைத்த பழைய ‘லை’தான் வர வேண்டும். சீமைக்கருவேலங் காட்டையும் அடர்த்தியாக வைக்கக் கூடாது. அது ஊரை வளைத்தது பிற்பாடு.

அளந்து வரைதல்

அடுத்த வேலை அளவெடுப்பு. பழைய கட்டிடம் நிற்குமிடத்தில், பொதுமக்கள் போகக்கூடிய பகுதியிலிருந்து நேர்முகமாகப் படம் எடுத்து, தெரிந்த அளவு ஒன்றைக் கொண்டு மற்றவற்றைக் கணக்கிடுவது வழக்கம். செங்கல் வரிசைகளை எண்ணினால் சுவரின் உயரம் கிடைத்துவிடும். கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் இதே கணக்கு. அளவெடுக்க வேண்டும் என்பதற்காகத் தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம். மறைந்துபோன பொருள்களுக்கு அருங்காட்சியகங்களே கதி. சென்னை பெரம்பூரில் 2002இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகமும், திருச்சியில் 2014இல் திறந்த அருங்காட்சியகமும் பழைய வண்டிகளையும் கருவிகளையும் கிட்டத்தில் பார்க்க உதவும்.

எல்லாவற்றையும் விகிதப்படி வைக்க வீட்டில் இடம் போதாது. மீட்டர் கேஜ் பெட்டி ஒன்று ஏறத்தாழ 64 அடி. மாதிரியில் 22 சென்டிமீட்டருக்கு மேல். பத்துப் பெட்டி வண்டிக்கு இரண்டேகால் மீட்டர் பிளாட்பாரம் வேண்டும். ஆகவே வண்டியை மூன்று நான்கு பெட்டியாக்கி, பிளாட்பாரத்தை ஒரு மீட்டருக்குச் சுருக்குகிறார்கள். நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் கதவு, ஜன்னல், படி, ஆள் ஆகியவற்றின் அளவில் கை வைக்கக் கூடாது. கண் விகிதத்தைப் பிடிப்பது இவற்றை வைத்துத்தான்.

தீக்குச்சியில் ஸ்லீப்பர்

தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் என்னும் மீட்டர் கேஜ் மரக் கட்டையின் அளவு 6 அடி நீளம், 8 அங்குல அகலம், நாலரை அங்குலக் கனம். 1:87இல் இது 21 மில்லிமீட்டர் நீளம், 2.3 மில்லிமீட்டர் அகலம், 1.3 மில்லிமீட்டர் கனம். மரத் தீக்குச்சியின் நீளம் 40 மில்லிமீட்டரை ஒட்டியும், பருமன் 2 மில்லிமீட்டரை ஒட்டியும் இருக்கும். நடுவில் வெட்டினால் ஒரு குச்சிக்கு இரண்டு ஸ்லீப்பர். கனம் சற்றுக் கூடுதல் என்றாலும் அது ஜல்லிக்குள் புதைந்துவிடும். முக்கால் மீட்டருக்கு ஒரு கட்டை என்று வைத்தால், மாதிரியில் ஒரு மீட்டர் தடத்துக்கு ஏறக்குறைய 115 கட்டை. அதாவது 58 குச்சி.

மருந்து வைத்த குச்சியின் தலையைக் கிள்ளி எடுத்துப் பயன்படுத்துவது தவறு. தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட் கலவை. கிள்ளிய தலைகளைக் குவித்து வைத்தால் தீ விபத்துக்கு வழியாகும். மேலும் மருந்து முக்குவதற்கு முன் குச்சியை மெழுகில் தோய்ப்பதால் பசையும் சாயமும் ஒட்டாது. மெழுகோ மருந்தோ ஏறாத வெறுங்குச்சியே வேண்டும். இந்த வட்டாரத்தில் அது கிடைப்பது கஷ்டமில்லை. குச்சிகளைக் கெட்டியான டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்துக் காயவிட்டு, அதன்மேல் நீர்த்த கறுப்பு மையை ஒரு தடவை ஓட்டினால், வெயிலில் வெளுத்த பழைய கட்டையின் சாம்பல் பழுப்பு வரும். எல்லாக் கட்டையும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது. சிலவற்றைக் கறுப்பாகவும் சிலவற்றை வெளுப்பாகவும் விட வேண்டும்.

தண்டவாளத்தின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து 60 பவுண்டு தண்டவாளம் நாலரை அங்குல உயரம், மாதிரியில் 1.3 மில்லிமீட்டர். கடையில் பரவலாகக் கிடைக்கும் ‘கோடு 100’ தண்டவாளம் 2.54 மில்லிமீட்டர். இதை வைத்தால் எந்த நாட்டிலும் இல்லாத ராட்சதத் தண்டவாளமாகத் தெரியும். 1.4 மில்லிமீட்டர் உயரமுள்ள ‘கோடு 55’ பொருத்தம். நான்கைந்து கட்டைக்கு ஒன்றாக, செம்புப் பூச்சுள்ள பி.சி.பி. அட்டைத் துண்டை வைத்து, அதில் தண்டவாளத்தைப் பற்றவைக்கிறார்கள். அந்தத் துண்டின் நடுவில் செம்பை அரத்தால் கீறிப் பிரிக்காவிட்டால் இரு தண்டவாளத்துக்கும் மின்சாரம் ஒன்றாகி ஷார்ட் ஆகும்.

ஜல்லிக்கு கிரஷர் தூள். அசலில் 5 சென்டிமீட்டர் கல் மாதிரியில் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், ரவை பருமன். தூளைக் கழுவிக் காயவைத்து, ரவை சல்லடையில் சலித்து, நடுப்பருமனை மட்டும் எடுக்க வேண்டும். கடற்கரை மணல் கூடாது. உப்பு தண்டவாளத்தை அரித்துவிடும். ஜல்லியைப் பரப்பிச் சீர் செய்தபின் முதலில் தண்ணீரை மென்மையாகத் தெளித்து நனைத்து, பிறகு ஒரு சொட்டு ஷாம்பு கலந்த நீர்த்த பெவிக்காலை மருந்து சிரிஞ்சால் சொட்டவிட வேண்டும். நனைக்காமல் பசையை விட்டால் அது மேலேயே உருண்டு ஜல்லியைக் குழியாக்கும்.

ஸ்டேஷன் கட்டிடம்

சின்ன நிலையத்துக்கு ஓர் அலுவலக அறை, டிக்கெட் ஜன்னல், முன்னால் ஒரு தாழ்வாரம் போதும். சுவருக்கு ஏற்ற பொருள் அட்டை. தடித்த காலண்டர் அட்டையும், கல்யாணப் பத்திரிகையின் வழவழப்பான அட்டையும் சிவகாசிப் பக்கத்தில் தாராளம். பழைய கட்டிடங்களில் ஒன்றரைக் கல் சுவர் என்பது பதின்மூன்றரை அங்குலம். மாதிரியில் 4 மில்லிமீட்டர். ஒற்றை அட்டையில் ஜன்னலை வெட்டினால் சுவர் காகிதம் போலத் தெரிவதற்குக் காரணம் இந்தக் கனம் இல்லாததுதான். மூன்று அட்டைகளை அடுக்கி ஒட்டி 4 மில்லிமீட்டர் கொண்டுவந்தபின், வெளி விளிம்பிலிருந்து உள்வாங்கி ஜன்னல் சட்டத்தை வைத்தால் நிழல் விழுந்து கட்டிடம் கட்டிடமாகிவிடும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் அது வளையும்; இரு பக்கமும் பூச வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரின் சொரசொரப்புக்கு வண்ணத்தில் கொஞ்சம் முகப்பவுடர் கலப்பதுண்டு.

கூரை மங்களூர் ஓடு. ஓட்டில் வெளியே தெரியும் பகுதி ஏறத்தாழ 32 சென்டிமீட்டருக்கு 21 சென்டிமீட்டர், மாதிரியில் 3.7க்கு 2.4 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டருக்குச் சற்று அகலமான காகிதப் பட்டைகளில் 2.4 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு அழுத்தி, கீழ் விளிம்பிலிருந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் ஓட்டு வரிசை உருவாகும். செங்காவியில் இரண்டு மூன்று நிற வேறுபாடு காட்டி, அங்கங்கே ஒரு ஓட்டைச் சற்று நகர்த்தி வைத்தால் புதுக்கூரையின் பளபளப்பு போய்விடும்.

சரக்குக் கொட்டகைக்கு நெளி தகரம். அசலில் நெளிவுக்கு நெளிவு 3 அங்குலம், மாதிரியில் 0.9 மில்லிமீட்டர். எம்-6 போல்ட்டின் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். மெல்லிய அலுமினியத் தகட்டை ரப்பர் பாயின் மேல் வைத்து, மரை போட்ட எம்-6 கம்பியை அழுத்தி உருட்டினால் நெளி தகரம் தயார். கம்பியை ஒரே திசையில், ஒரே தடவையில் உருட்ட வேண்டும். முன்னும் பின்னும் ஓட்டினால் கோடு இரட்டை விழும்.

பெயர்ப்பலகை மஞ்சள் தளத்தில் கறுப்பு எழுத்து. ஆறடிப் பலகை மாதிரியில் 21 மில்லிமீட்டர். ‘குளத்தூர்’ என்ற எழுத்தைக் கையால் எழுத முயல்வதைவிட, கணினியில் அமைத்து, பளபளப்பில்லாத தாளில் அச்சடிப்பது நல்லது. கடல் மட்டத்திலிருந்து நிலையத்தின் உயரத்தையும் பலகையின் அடியில் சிறிதாகப் போட வேண்டும்.

கைகாட்டியும் டோக்கனும்

மாதிரியில் பார்ப்பவர் கண்ணை முதலில் இழுப்பது கைகாட்டி மரம். பழைய இரட்டை நிலைக் கைகாட்டியில் கை படுத்திருந்தால் நில். கீழே சாய்ந்தால் போ. நிறுத்தக் கைகாட்டியின் கை சிவப்பு, நுனி சதுரம், குறுக்கே வெள்ளைப் பட்டை. எச்சரிக்கைக் கைகாட்டியின் நுனி மீன்வால். 25 அடிக் கம்பம் மாதிரியில் 88 மில்லிமீட்டர். நாலு ஐந்தடிக் கை 14 முதல் 17.5 மில்லிமீட்டர்.

கம்பத்துக்குப் பித்தளைக் குழாயோ, தடித்த கம்பியோ. கைக்குப் பவுடர் டப்பாவின் மெல்லிய தகடு. சுழலும் அச்சுக்குக் குண்டூசி. ஏணிக்கு ஸ்டேப்ளர் பின்கள். கையின் வேரில் சிவப்பும் பச்சையுமாக இரு கண்ணாடி வட்டங்கள் வரும். அசலில் பச்சைக்கு வைத்தது நீலம் கலந்த கண்ணாடி. மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் அதனூடே வரும்போதுதான் பச்சையாகத் தெரியும். வெள்ளை எல்.இ.டி. வைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் நீலக் கண்ணாடி வைத்தால் ஸ்டேஷனில் நீல விளக்கு எரியும். கம்பி அறுந்தால் கை தானாக ‘நில்’ நிலைக்குத் திரும்பும்படி கம்பத்தில் ஒரு எடைக்கல் உண்டு. அதை ஒரு துளி எம்-சீலால் செய்து நெம்புகோலின் நுனியில் ஒட்டலாம்.

கையை அசைக்க 9 கிராம் சர்வோ மோட்டார் போதும். பலகைக்கு அடியில் பொருத்தி, மெல்லிய எஃகுக் கம்பியால் கையுடன் இணைத்து, ஆர்டுயினோ பலகை வழியாக மெதுவாக இயக்க வேண்டும். வெடுக்கென்று விழும் கை பொம்மைத்தனமாக இருக்கும். இறங்கி நின்றதும் இலேசாக ஓர் அதிர்வு அதிர்ந்து அடங்குவது அசல் கைகாட்டியின் இயல்பு. நிரலில் இதைச் சேர்க்க இரண்டு வரி போதும்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டி மோதாமல் இருக்க, ஓட்டுநரிடம் டோக்கன் கொடுக்கும் முறை இருந்தது. நீல்ஸ் டோக்கன் கருவியிலிருந்து எடுத்த இரும்புப் பந்தைப் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, ஓடும் இன்ஜினுக்கு நீட்டுவார்கள். வளையம் மாதிரியில் 5 முதல் 7 மில்லிமீட்டர். 0.3 மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தடித்த பேனா ரீஃபிலின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெட்டினால் கிடைக்கும். பிளாட்பாரத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டையும் மறக்கக் கூடாது. மிச்சப்பட்ட மாதிரித் தண்டவாளத்தில் ஒரு துணுக்கு அதற்குப் போதும்.

மண்ணும் வெடிப்பும்

கரிசல் நிலத்தைச் செய்யக் கரிசல் மண்ணைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண் இது. வெடிப்புகளுக்கு இடையிலுள்ள தூரம் காயும் படலத்தின் கனத்தைப் பொறுத்தது. கனமான படலத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். மெல்லிய படலத்தில் நுணுக்கமாக வெடிக்கும். ஆகவே சலித்த மண்ணைக் கூழாகக் கரைத்து 1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி நிழலில் காயவைத்தால், மண் தானாகவே மாதிரிக்கேற்ற வெடிப்பைக் கொடுத்துவிடும். பசை கொஞ்சம்தான் சேர்க்க வேண்டும். அதிகமானால் படலம் ரப்பராகி வெடிக்க மறுக்கும். காய்ந்தபின் மேலிருந்து நீர்த்த பசையைத் தெளித்து இறுக்கலாம்.

மண்ணை அப்படியே அள்ளிப் போடக் கூடாது. வாணலியில் வறுத்தால் விதையும் பூச்சியும் சாகும். மாவுச் சல்லடையில் சலித்தபின், பாலித்தீன் உறையில் காந்தத்தை வைத்து மண்மேல் நாலைந்து தடவை ஓட்ட வேண்டும். மண்ணிலுள்ள இரும்புத் துகள் இன்ஜின் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டினால் மோட்டார் பாழாகும். நிறமும் திருத்தம் கேட்கும். வெயிலில் சாம்பலாகத் தெரியும் மண், வீட்டு விளக்கில் அட்டக் கரியாகத் தெரியும். கொஞ்சம் சலித்த விறகுச் சாம்பல் சேர்த்தால் சரியாகும்.

பனையும் உடையும்

ஐம்பதடிப் பனை மாதிரியில் 175 மில்லிமீட்டர். தண்டுக்கு 5 மில்லிமீட்டர் மரக்கம்பி. அடி சற்றுப் பருக்கும்படி எம்-சீல். ஓலை உதிர்ந்த வளையத் தழும்புகளை அரத்தின் விளிம்பால் கீறி, கரும்பழுப்பு பூச வேண்டும். ஓலைக்கு 14 மில்லிமீட்டர் காகித வட்டம்; விசிறி மடிப்பாக மடித்து, நுனியைக் கத்தரியால் கீறி, விளக்குமாற்று ஈர்க்கின் சீவலை மட்டையாக ஒட்ட வேண்டும். ஒரு மரத்துக்கு 30 முதல் 40 ஓலை. குருத்து நிமிர்ந்து, நடு ஓலைகள் படுத்து, அடியில் காவோலை தொங்க வேண்டும். நிறம் பசும்பச்சை அல்ல. சாம்பல் பூத்த பச்சை. பெண் பனையில் நுங்குக் குலையும் ஆண் பனையில் பாளையும் வைத்தால், பனங்காட்டில் வளர்ந்தவர் கிட்டத்தில் வந்து பார்ப்பார். மரங்களைப் பொழியோரமாக, உயரம் மாற்றி, ஒன்றிரண்டு சாய்ந்து நிற்க வைக்க வேண்டும்.

உடைமரம் குடை விரித்த மாதிரி தட்டையாகப் படர்வது. செம்புக் கம்பிக் கற்றையை முறுக்கிக் கிளை பிரித்து, உச்சியில் தேங்காய் நாரைப் பிய்த்துத் தட்டையாகப் பரப்பி, சாயமேற்றிய மரத்தூளைத் தூவினால் அதன் உருவம் வந்துவிடும். சோளத்தட்டைப் படப்புக்குப் பழைய பெயின்ட் பிரஷ்ஷின் மயிரை 20 மில்லிமீட்டருக்கு நறுக்கி அடுக்குவது எளிது.

வண்டிச் சக்கரம்

நுணுக்க வேலைக்கு உரைகல் மாட்டு வண்டிச் சக்கரம். ஐந்தடிச் சக்கரம் மாதிரியில் பதினேழரை மில்லிமீட்டர். ஆறு வட்டைத் துண்டு, வட்டைக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஆரக்கால், நடுவில் குடம், வெளியே இரும்புப் பட்டா. காகிதத்தில் 30 டிகிரிக்கு ஒரு கோடாகப் பன்னிரண்டு கோடு வரைந்து, அதன்மேல் இருபக்கம் ஒட்டும் நாடாவை விரிக்க வேண்டும். வட்டைக்குக் கல்யாண அட்டையின் பட்டையை 15 மில்லிமீட்டர் குழாயில் மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டி, காய்ந்தபின் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் வளையமாக அறுக்கலாம். குடத்துக்குப் பாசிமணி. ஆரக்காலுக்குத் தீக்குச்சியைப் பிளேடால் நெடுக நாலாகப் பிளந்து, உப்புத்தாளில் தேய்த்து மெலிவிக்க வேண்டும். எதிரெதிர் ஆரக்கால்களை ஜோடி ஜோடியாக ஒட்டிப் போனால் சக்கரம் கோணாது. வரிசையாகச் சுற்றி ஒட்டினால் கடைசி ஆரக்காலுக்கு இடம் பிசகும். பட்டாவுக்கு மெல்லிய கறுப்புக் காகிதம்.

வண்டியில் ஏற்ற மிளகாய்ச் சாக்கு, பருத்திப் பொதி. நாலடி நீள அழுத்தப் பொதி மாதிரியில் 14 மில்லிமீட்டர். மரத்துண்டைக் காடாத் துணியில் சுற்றி நூலால் கட்டினால் போதும். ஆட்களுக்குச் செம்புக் கம்பியில் எலும்புக்கூடு முறுக்கி எம்-சீல் பூச வேண்டும். சேலைக்கும் வேட்டிக்கும் நீர்த்த பசையில் தோய்த்த டிஷ்யூ காகிதம் நன்றாக மடிப்பு விழும். ஆட்களை நடக்கும் நிலையில் வைப்பதைவிடக் குத்தவைத்தும் சாய்ந்தும் வண்டிக்குக் காத்திருக்கும் நிலையில் வைப்பது இயல்பாக இருக்கும். ஓடும் பாவனையில் உறைந்த ஆள் ஒரு நிமிடத்தில் கண்ணை உறுத்திவிடுவார்.

விளக்கும் பழமையும்

விளக்குக்கு ‘0603’ வகை எல்.இ.டி.; 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம். 12 வோல்ட் மின்சாரத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 2 மில்லி ஆம்பியர் ஓடும். அரிக்கேன் வெளிச்சத்துக்கு அதுவே போதும். வெள்ளை ஒளியின் மேல் ஆரஞ்சுக் கண்ணாடி வண்ணம் ஒரு துளி வைக்க வேண்டும். இணைப்புக்குக் காயில் கட்டும் கடையின் இனாமல் பூசிய செம்புக் கம்பி, 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்.

எல்லாம் முடிந்தபின் புதுமையை அழிப்பது கடைசி வேலை. செங்காவிப் பொடியைத் தூரிகையால் தொட்டுத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு ஏற்றலாம். நீராவி இன்ஜின் நிற்குமிடத்துக்கு மேலே கூரையில் கரிப்புகை. சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்கு, அதாவது மூன்றரை மில்லிமீட்டருக்கு, மழை தெறித்த கரிசல் கறை. அழுக்கு மேலிருந்து கீழே வழிய வேண்டும். கிடைமட்டமாகத் தேய்த்தால் பொய் என்று தெரிந்துவிடும்.

பராமரிப்பும் பாடமும்

இந்த வட்டாரத்தின் வெயில், தூசி, கரையான் மூன்றும் மாதிரிக்குப் பகை. 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையின் இரு பக்கமும் வண்ணம் பூசி, இரும்புக் கால்களில் நிறுத்த வேண்டும். ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் ஓராண்டிலேயே வண்ணம் வெளுக்கும். பயன்படுத்தாதபோது பருத்தித் துணி மூடியும், தூசிக்கு மென்மையான மேக்கப் பிரஷ்ஷும் போதும்.

முழு அமைப்பும் எப்படி வரும் என்று பார்க்க நாட்டில் நல்ல இடம் புணே கோத்ரூடில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம். பாவ் ஜோஷி உருவாக்கிய இந்த ஹெச்.ஓ. நகரம் 1998 ஏப்ரல் 1 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம் வேறு வகை. மறைந்துகொண்டிருந்த கிராமத்து வீடுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று ராய் இங்லண்ட் தொடங்கிய வேலை அது. அங்குள்ள வீடுகள் அட்டையும் நீர்வண்ணமும் கொண்டு, அசல் வீட்டை அளந்து செய்தவை. கரிசல் ஸ்டேஷனைச் செய்ய விரும்புகிறவருக்குப் பெண்டன் வழியே நெருக்கமானது.

தொடங்குகிறவர் முழு ஸ்டேஷனில் கை வைக்காமல் ஒரு கைகாட்டி, ஒரு பனை, ஒரு வண்டிச் சக்கரம் என்று தனித்தனியாகச் செய்து பழகுவது நல்லது. ஒவ்வொரு பொருளுக்கும் அசல் அளவு, மாதிரி அளவு, பயன்படுத்திய பொருள், எடுத்த படம் ஆகியவற்றை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும். உடைந்தால் மறுபடி செய்ய அது உதவும். இடிக்கப்படும் பழைய நிலையங்களுக்கு நோட்டில் உள்ள அந்த அளவுகளே பிற்பாடு மிஞ்சும் பதிவாகவும் ஆகலாம்.